சவரி பிடிக்காத கயிறு

1947 மார்ச் 3, திங்கள்

கறுப்பா, காலையிலிருந்தே கொண்டல் காற்று. துவைத்த துணி காயவில்லை. மண்ணெண்ணெய் இல்லை. கடையில் நாளைக்கு வா என்றான்.

கடற்கரைப் பக்கம் சரக்கு வைக்கப் புதுக் கிட்டங்கி கட்ட அஸ்திவார வானம் தோண்டுகிறார்கள். மண் சுமக்கப் போகிறேன். இடுப்பளவு தோண்டியதும் மண்ணே இல்லை, முத்துச் சிப்பி ஓடுதான். கூடை கூடையாக. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் முத்துக் குளித்து எடுத்து உடைத்துப் போட்டது. ஊரே சிப்பி மேல்தான் நிற்கிறது போல. எல்லாவற்றையும் புது ரோட்டில் கொட்டச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. லாரி ஏறினால் நொறுங்குகிற சத்தம்.

ஒருத்தி ஒவ்வொரு ஓடாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, உனக்குன்னு ஒரு முத்தைப் பறங்கியான் விட்டுட்டா போயிருப்பான்?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நீ செத்து நான் தாலி கழற்றிய பிறகு முதல் சிரிப்பு. கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை. பானையில் அரிசி அடிமட்டத்தில்தான் கிடக்கிறது.

பஞ்சாலைச் சங்கு ஊதினால் அந்தத் திசையையே பார்க்கிறேன். தம்பி சவரி அங்கேதான் நிற்பான். உன்னைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பார்த்தது. அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

நம் ஆட்களில், கடலில் முங்குகிறவனுக்கு மேலே தோணியில் பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கை தளராது. நீ சங்கு குளித்த நாளெல்லாம் மேலே சவரி கைதான். அப்புறம் அவன் ஆலை வேலைக்குப் போனான், நீ துறைமுக வேலைக்குப் போனாய். அன்றைக்குத் தோணியின் நங்கூரச் சங்கிலி கடலடியில் சிக்கிக்கொண்டது. சரக்குக்குக் கப்பல் காத்துக் கிடந்தது. சவரி வரட்டும், இறங்குகிறேன் என்று சொன்னாயாம். கயிறு பிடிக்க எவனாயிருந்தால் என்ன என்றாராம் அதிகாரி. பிடித்தவன் கடலே தெரியாத ஊர்க்காரன். தூக்கச் சொல்லி நீ இழுத்ததும், இன்னும் கயிறு கேட்கிறாய் என்று தளர்த்தி விட்டிருக்கிறான். இங்கே வாசலில் நின்று அழுதான். அவனை என்ன சொல்ல.

சவரியைத்தான் என்ன சொல்ல. வியாழக்கிழமை உனக்கு முப்பதாம் நாள் பூசை. அவன் இல்லாமல் எப்படிப் போய் நிற்பேன். எனக்கு வேறு யார்.

மார்ச் 5, புதன்

ஷிப்டு விடும் நேரம் ஆலை வாசலுக்குப் போனேன். முன்பு வெறும் உடைமரக் காடு, ஞாபகம் இருக்கா. இப்போது டீக்கடை, சைக்கிள் கடை, கரண்டு விளக்கு. இவ்வளவு ஜனம் எங்கிருந்து வந்தது. தலையெல்லாம் பஞ்சு, சின்ன வயசுக்காரனும் கிழவன் மாதிரி.

சவரி என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தோடு போய்விட்டான். வரும் வழியில் கால் முழுக்கச் சிப்பி குத்தியது.

மார்ச் 6, வியாழன்

பூசைக்கு வந்தான். கடைசியில், தூணோரம். பிறகு என் பின்னாலேயே வீட்டுக்கும் வந்தான்.

கஞ்சி வைத்தேன், தொடவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு இழுத்த காய்ப்பெல்லாம் போய்விட்டது. மெத்தென்று ஆகிவிட்டது கை.

"அத்தான் மூழ்குன நேரம் ஆலையில அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு நின்னேன்க்கா" என்றான்.

"சாப்பிடுலே" என்றேன்.

இரண்டு வாய் குடித்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான், "மேல நான் இல்லைன்னு அத்தானுக்கு ஞாபகம் இருந்திருக்குமாக்கா?"

இருந்திருக்கும் என்றேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது. எனக்கு என்ன தெரியும்.

கறுப்பா, மூச்சு முட்டி நீ கயிற்றை இழுத்தபோது, மேலே சவரி நிற்கிறான் என்று நினைத்தா இழுத்தாய்?