சேலைக்குள் வைத்த துவாய்கள்

வெக்ஸ்போர்ட், ரொறொன்ரோ

1. நான், நீக்கிலாப்பிள்ளை சூசைதாசன், முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவன், இப்போது மேற்படி இடத்தில் உன் தாய் மக்டலீனுடன் வசிப்பவன், உன் தகப்பன்.
2. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இதில் எழுதுகிறேன்.

அன்பு மகள் அனோஜாவுக்கு, நீயும் மருமகன் கிருபனும் பேர்த் நகரில் ஆண்டவர் அருளால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கும் சுகமே என்று தொடர்வதுதான் முறை. இம்முறை அதை எழுத எனக்கு உரிமையில்லை. அம்மாவின் வலப்பக்க இடுப்பெலும்பின்மேல் அழுத்தப்புண் வந்திருக்கிறது. அது தோலைக் கடந்து ஆழப் போய்விட்டது என்றும், எலும்பைத் தொட்டால் மருத்துவமனைதான் என்றும் தாதி சொன்னார். தொலைபேசித் திரையில் நீ காணும் அம்மா நிமிர்ந்து இருக்கிறார். அந்த நிமிர்வு உண்மையல்ல, மகள்.

பக்கவாதத்துக்குப் பின் அவருடைய உடல் வலப்பக்கம் சரிகிறது. அதனால் சக்கர நாற்காலிக்கு இரண்டு பக்கத்தாங்கிகளும், ஒரு தலைதாங்கியும், அழுத்தத்தைத் தணிக்கும் குஷனும் வேண்டுமென டொக்டர் எழுதினார். நாற்காலிக் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே பில்லில் அனுப்ப, காப்புறுதி நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருத்துவக் காரணம் கேட்டு, அம்மா இருக்கும் விதத்தைப் பார்க்க ஒரு தெரபிஸ்ற்றை அனுப்பியது. வரப்போவது ஷாமிலா என்ற தமிழ்ப் பிள்ளை என்று அம்மா அறிந்துகொண்டார். தவறு அங்கேதான் தொடங்கியது. நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது, பராமரிக்க வரும் நிலாணியைக் கொண்டு பூசைக்கு உடுக்கும் சேலையை உடுத்துவித்து, அதற்குள் வலப்பக்கமாக, குளித்துத் துடைக்கும் இரண்டு துவாய்களைச் சுருட்டிச் செருகுவித்திருக்கிறார். “எங்கட பிள்ளை ஒண்டு வீட்டை வரேக்க நான் சரிஞ்சு வழிஞ்சு கிடக்கிறதே?” என்று கேட்டாராம், இது நிலாணி பின்னர் சொன்னது. உன்னோடு கதைக்கும் நேரங்களிலும் அதே துவாய்கள்தான் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நான் திரும்பி வந்தபின், ஷாமிலா நோகிறதா என்று கேட்டதற்கு, “சீச்சீ, ஒரு கரைச்சலும் இல்லை. நீர் முதல்ல கேக்கைச் சாப்பிடும், உப்பிடி மெலிஞ்சு போனீர்” என்றார், இது நானே கேட்டது. உடல் சரிவதைப் பற்றி நான் வாயெடுத்தபோது, “உவர் கோட்டிலை கதைச்சுக் கதைச்சு எல்லாத்தையும் பெருப்பிக்கிற ஆள்” என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை கண்டதையே எழுதியது: தாங்கலின்றி நிமிர்ந்து இருக்கிறார், வலியில்லை. ஆகவே கேட்டவை வசதிக்கானவை, மருத்துவத் தேவையல்ல என்று நிறுவனம் தீர்மானித்தது. புண் அதற்குப் பிறகு வந்தது.

நான் செய்த மேன்முறையீட்டில் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சம்மதித்தார்கள். துவாய் இல்லாமல் இருக்கமாட்டேன் என்று அம்மா அழுதார். “நிலாணிக்கு முன்னாலை சரிவன், உங்களுக்கு முன்னாலை சரிவன், வாறவைக்கு முன்னாலை மாட்டன்” என்றார். தாதி புண்ணைக் கழுவிய அன்று மாலைதான் அம்மா ஓம் என்று சம்மதித்தார். நேற்று ஷாமிலா வந்தபோது, அம்மா வீட்டில் போடும் சட்டையோடு, எந்தத் தாங்கலுமில்லாமல் இருந்தார். மெல்ல மெல்லச் சரிந்து, கன்னம் நாற்காலியின் கைப்பிடியில் படிந்தது. எவரும் பிடிக்கவில்லை, பிடிக்கக்கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். “இண்டைக்குக் கேக் இல்லை, பிள்ளை” என்று அப்படியே கிடந்து சொன்னார். ஷாமிலா தரையில் முழங்காலிட்டு, அவருடைய கண்ணைப் பார்ப்பதற்காகத் தன் தலையையும் சரித்துக்கொண்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. வரும் வரை புண் பொறுக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. துவாய்களோடு அம்மா நிமிர்ந்திருக்க நீ திரையில் எடுத்துவைத்த படங்களில் ஒன்றையும் நிறுவனத்துக்கு அனுப்பிவிடாதே. உனக்கு இதை எழுத அம்மா நெடுநாள் விடவில்லை. “அவள் வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாள்” என்பார். இன்று காலை, “எழுதுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன்” என்றார். ஞாயிறு வழமைபோல் கூப்பிடு. துவாய்கள் இருக்கமாட்டா. நிமிர்ந்து இருங்கோ அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

மாதாவின் காவல் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். உன் மருந்துக் குளிசையை நேரத்துக்கு எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நீ. சூசைதாசன்

சாட்சிகள்:
1. நிலாணி, பராமரிப்பாளர்
2. மக்டலீன் சூசைதாசன், உன் தாய் (இடக்கையால், சரிந்தபடியே ஒப்பமிட்டது)