மாமாவின் பங்குக் காளான்

நெல்லிவாசல்நாடு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி சம்பூர்ணம் எழுதுவது. நானும் உங்கள் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் நீங்கள் மட்டும் திரும்பாமல் மூன்று வருஷம் ஆகிறது. மேஸ்திரி சேட்டு மறுபடி அந்தப் பக்கம் போகிறாராம். உங்களைத் தெரிந்தவர் யாரிடமாவது கொடுக்கச் சொல்லி இதை அவரிடம் தருகிறேன்.

இடி இடித்து மழை பெய்து, கொல்லைப் புற்றில் காளான் பூத்தது. வெளியூர் போனவர் பங்கை இலையில் வைத்து மூடி, விடியும்வரை தொடாமல் விடுவது நம் வீட்டு வழக்கமாயிற்றே. போன இரண்டு வருஷமும் காலையில் திறந்தால் இலை காலி. நீங்கள்தான் வந்து தின்றுவிட்டுப் போனீர்கள் என்று நம்பினேன். உயிரோடு வந்தீர்களா, வேறு மாதிரி வந்தீர்களா என்று நினைக்கவே பயந்து யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர் என்னை எழுப்பினால் என்னவாம் என்று கோபம்கூட வந்தது.

இந்த வருஷம், தோட்டத்துக்குப் புதிதாகப் போன ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வருகிறார்கள் என்று பெட்டிக்கடை புவனா சொன்னாள். நீங்களும் இருப்பீர்கள் என்று மொக்குக் காளானாகப் பொறுக்கி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அவள் கடை ஃபிரிட்ஜில் வைத்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். பறித்த காளான் உள்ளேயே குடை விரித்துக்கொண்டிருந்தது. பிறகு அடிப்பக்கம் கறுத்து, கவருக்குள் தண்ணீர் கோத்தது. ஜீப் வந்தது, நீங்கள் வரவில்லை. வாடை அடித்தும் எறிய மனசு கேட்கவில்லை. கழுவி, மிளகைத் தூக்கலாகப் போட்டு வதக்கி உங்கள் இலையில் வைத்தேன்.

காலையில் இலை காலி. உங்கள் அப்பா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைத் திட்டித் தீர்த்தாள். பறிச்ச பிறகும் காளான் மூச்சு விடும்மா, காத்தில்லாம கட்டி வெச்சா சத்தெல்லாம் போய் கெட்டுப்பூடும் என்றாள்.

கெட்டது தெரியாமலா தின்றீர்கள் என்று உங்கள் அப்பாவைக் கேட்டேன். தெரியும்மா, இல அப்டியே கெடந்தா நீ இன்னா ஆயிடுவியோன்னுதான் தின்னேன், ஒவ்வொரு வருசமும் நான்தான் தின்னேன் என்றார். அவரைத் திட்டினேன், பிறகு அழுதேன். இப்போது கஞ்சி குடிக்கிறார். வீட்டில் நீங்கள் நடமாடுவது போலிருந்தது மட்டும் நின்றுபோய்விட்டது.

அடுத்த மழைக்கு உங்கள் பங்கை மூடி வைக்க மாட்டேன். பறித்த அன்றே சமைத்து, சுடச்சுட அவர் தட்டில் போடப்போகிறேன். என் பங்கு எங்கே என்று சண்டை போடவாவது வந்துவிடுங்கள் மாமா.

வழி பார்த்திருக்கும்
சம்பூர்ணம்