என் பக்கத்து பிரேக்

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பல் டாக்டரம்மா இன்று ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டார். ரிவர்ஸில். "சார், கண்ணாடியில தெரியவே இல்லை" என்கிறார். தெருவுக்கே தெரிகிற பச்சைத் தொட்டி! கடைவாய்ப் பல்லில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அது. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் தொட்டியோடு மதிலும் போயிருக்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவன் காலடியிலும் ஒரு பிரேக் வைக்கத் தோன்றியது எவனுக்கோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் இவள் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரைச்சீலைக் கடையில் வெட்டுவது, மடிப்பு பிடிப்பது, தைப்பது எல்லாம் இவள்தான். யாரோ ஒருவர் இந்தப் படத்தைக் கொடுத்து, இதே கலரில் திரை வேண்டும் என்றாராம். பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். பின்னால் நெட்டுக்குத்தாகப் பாறை மலை. சாயங்கால வெயில்.

"கடையில இருக்கிற துணி அத்தனையும் பிரிச்சுப் பாத்துட்டேன். சிவப்புன்னா சிவப்பும் இல்லை, காவின்னா காவியும் இல்லை. இப்படி ஒரு கலர் நிஜமா இருக்குமா?"

"போட்டோவில ஏதாவது பண்ணியிருப்பாங்க."

"நேர்ல போய்ப் பாக்கணுங்க."

சிரித்துவிட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிறவள் பாலைவனம் போகிறேன் என்றால் என்ன செய்வது? கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த காரிலேயே என் பட்டுச் சட்டை போயிற்று. மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை, பெண்ணுக்குக் கார் வாசனையே ஆகாது, என்ன பொருத்தம் என்று அன்று சிரித்த சொந்தக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை. ரயில் போகும் ஊர், கால் போகும் தூரம். இவள் பார்த்தது அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளவில்லை. போட்டோவை நிலைக்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தாள்.

ஆகஸ்ட் 13, வியாழன்

விசாரித்துவிட்டேன். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், வளைவுக்கு மேல் வளைவு. சொன்னேன். "சரி" என்றாள். விட்டுவிடுகிற சரி எனக்குத் தெரியும். இது அது இல்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மச்சினிச்சி வந்திருந்தாள். இவளுடைய தங்கை, டிராவல்ஸ் ஆபீசில் வேலை. "அத்தான், அக்கா ஊருக்குப் போகணும்னு வாய்விட்டுக் கேட்டிருக்கா. குடையை எடுத்து வைங்க, மழை கொட்டப்போகுது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

மேஜை மேல் வரைபடம். அக்காவும் தங்கையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு திட்டம் போட்டார்கள். இவள் நூல்கண்டை எடுத்து வந்து மலைப்பாதையின் வளைவுகள் மேல் நூலை வளைத்து வளைத்து வைத்தாள். பிறகு எடுத்து நீட்டினாள். அடேயப்பா! மேஜையைத் தாண்டித் தொங்கியது.

"மடிப்பு வெச்சா துணி ரெட்டிப்பா இழுக்கும்ல, அந்த மாதிரிதான் இந்த ரோடும்" என்றாள். "நடுவுல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகலாம். அவசரப்பட்டுப் போய் என்ன பண்ண?" எங்கேயும் போகாதவள் எப்படி யோசிக்கிறாள் பாருங்கள்! எத்தனையோ தடவை அந்த வழியில் போய் வந்தவள் மாதிரி பேச்சு. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"மாத்திரை போட்டுக்கோ அக்கா, நல்லா தூக்கம் வந்துடும்."

"தூங்கிட்டே போய் தூங்கிட்டே வர்றதுக்கு எதுக்குடி போகணும்? அதை வீட்டுலயே தூங்கிக்கலாமே."

நவம்பரில் வெயில் தணியுமாம். அறைக்குச் சொல்லி வைத்துவிட்டாள் மச்சினிச்சி.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஒத்திகை. ஊருக்கு வெளியே இருக்கிற குன்றுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். முட்டையைச் சுமந்து போகிற மாதிரி ஓட்டினேன். இரண்டாவது வளைவில் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டாள். சாலையோரம் குனிந்து நின்றவளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணெல்லாம் தண்ணீர். வாயைக் கொப்பளித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் மூணாவது வளைவு" என்றாள்.

நானாக இருந்தால் அந்தப் போட்டோவைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 26, புதன்

சாப்பிடும்போது கேட்டாள்.

"ஓட்டுறவங்களுக்கு வாந்தி வருமா?"

"வராது. வண்டி எப்பத் திரும்பும், எப்ப நிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்ல. பக்கத்துல சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான்."

சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எனக்குக் கத்துக்குடுங்க."

இத்தனை வருடம். ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. இது எனக்குத் தோன்றவே இல்லையே! காரில் உட்கார முடியாதவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று எந்த மண்டைக்குத்தான் தோன்றும்? இவள் மண்டைக்குத் தோன்றியிருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

முதலாளியிடம் கேட்டு ஸ்கூல் காரையே எடுத்துப்போனேன். காலி மைதானம். கிளட்ச், கியர் எல்லாம் சொன்னேன். "ஆமா, தையல் மெஷின் மாதிரிதான். காலை மெதுவா விட்டா மெதுவா ஓடும்" என்றாள். முதல் தடவையே வண்டி குலுங்காமல் நகர்ந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னை எத்தனை தடவை திட்டினார் என்று இவளிடம் சொல்லவில்லை.

மைதானத்தைச் சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். வரவில்லை. குமட்டல்கூட இல்லை! இறங்கியதும் குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்றும் வரவில்லை. கண் பட்டுவிடும், எழுதக்கூடாது.

செப்டம்பர் 27, ஞாயிறு

எழுதியிருக்கக் கூடாதுதான்.

இன்று முதல் தடவையாகத் தெருவில் இறக்கினேன். மார்க்கெட் ரோடு, சிக்னல், பள்ளிக்கூட வளைவு. பெட்ரோல் பங்க் வரும்போதே முகம் வெளுத்துவிட்டது. ஓரம் கட்டினாள், அழகாக, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து. இறங்கினாள். வாந்தி.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "விட்டுடலாங்க. எனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான். நாப்பத்தாறு வயசுல பாக்காத ஊரை இனிமேலா பாத்துடப் போறேன்?"

ஏன் வந்தது? ஓட்டுகிறவர்களுக்கு வராது என்று நான்தானே சொன்னேன்? ரோடு சரியில்லையோ. பள்ளம், மேடு. அடுத்த தடவை நல்ல ரோடாகப் பார்க்க வேண்டும். போட்டோ கண்ணாடி ஓரத்தில் இல்லை. எடுத்துவிட்டாள்.

அக்டோபர் 4, ஞாயிறு

மச்சினிச்சி மேல அப்படி ஒரு கோபம் வருது. அறையை ரத்து பண்ணணுமா வேண்டாமான்னு கேக்க வந்தவ. "கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாரு அக்கா, நானும் வரேன்"னு பின் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டா. இவளும் தங்கச்சிக்காகத்தான் சரின்னா.

நல்ல ரோடு. பள்ளமே இல்லை. திரும்பவும் அதே கதை. நான் ரோட்டைக் குறை சொல்லவும் பின்னாடியிருந்து, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அத்தான், உங்க காலை நீங்க பாத்தீங்களா?"

"என் காலுக்கு என்ன?"

"தட்டிக்கிட்டே வருது. அந்தப் பூனைக்கு ஒரு தட்டு, சைக்கிளுக்கு ஒரு தட்டு, எதிர்ல ஒண்ணுமே இல்லாதப்பக்கூட ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா தலை முன்னாடி போய்ப் பின்னாடி வருது. அக்கா எங்கே ஓட்டுறா? பாதி நீங்கதானே ஓட்டுறீங்க!"

கத்திட்டேன். வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா, இந்த பிரேக் இல்லைன்னா எத்தனை பேர் ஆஸ்பத்திரியில கெடப்பாங்க தெரியுமான்னு. இவதான் மெதுவா, "மைதானத்துல ஒண்ணும் குறுக்க வரலைங்க, அங்கே நீங்க மிதிக்கலை"ன்னா.

மிதிச்சேனா? நிஜமா எனக்கு ஞாபகமே இல்லை.

அக்டோபர் 5, திங்கள்

பல் டாக்டரம்மாவோடு போகும்போது என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ. அது என்னைக் கேட்பதே இல்லை. தானாகப் போகிறது, தானாக வருகிறது. நாய் வாலாட்டுகிற மாதிரி.

"டாக்டரம்மா, நான் அடிக்கடி பிரேக் போடுறேனா?"

"என்ன சார் புதுசா கேக்குறீங்க? நான் எப்பவும் வெறும் வயித்தோடதான் வருவேன்."

வீட்டுக்கு வருகிற வழியில் மச்சினிச்சி ஆபீசுக்குப் போனேன். "அறை இருக்கட்டும்" என்றேன். சிரித்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

இவளைக் கெஞ்சி அழைத்துப் போனேன். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கால் தரையில் இருந்தால்தானே! எதிரே வந்த ஆட்டோக்காரன் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். சாமியார் என்று நினைத்தானோ என்னவோ.

முதல் பத்து நிமிடம் எனக்கு உயிர் போயிற்று. மார்க்கெட் ரோட்டில் ஒருவர் திடீரென்று தள்ளுவண்டியை இறக்கினார். மடித்து வைத்திருந்த என் கால் துடித்தது. இவளுக்கு எங்கே தெரியப்போகிறது, போச்சு, போச்சு என்று கண்ணை மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தால் வண்டி பூப்போல நின்றிருக்கிறது. தள்ளுவண்டிக்காரர் கடந்து போனார். "அவர் அங்கே திரும்பும்போதே பாத்துட்டேன். நீங்க பாக்கலையா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. நான் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாந்தி இல்லை. மார்க்கெட் ரோடு, சிக்னல், பள்ளிக்கூட வளைவு, திரும்ப வீடு. இல்லை! எனக்குத்தான் கால் மரத்துப்போய் இறங்க முடியவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அக்டோபர் 28, புதன்

லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சொல்லிக்கொடுக்கிறவர்களை டெஸ்ட் நடக்கிற இடத்துக்குள் விடமாட்டார்கள், வாசலில் நின்றேன். என்னிடம் படித்தவர்கள் டெஸ்டுக்குப் போகும்போது டீ குடிக்கப் போய்விடுவேன். இன்று டீக்கடை இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

நவம்பர் 14, சனி

மலையைத் தாண்டிவிட்டோம்! அடிவாரத்தில் தங்கியிருக்கிறோம். ரயிலை விட்டு இறங்கி எடுத்த வாடகைக் காரில் என் பக்கம் பிரேக் இல்லை. எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து கீழே வரை காலடியில் கிடக்கிற மிதியடியை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது.

ஆனால் என்ன ஓட்டு! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளே பார்த்து, வெளியே பார்த்து, கியரைக் குறைத்து, ஒரே சீராக வளைத்துக்கொண்டு வருகிறாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஆனால் நான் இப்படி ஓட்டுவதில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. பாதி வழியில் எனக்கே லேசாகக் குமட்டியது. சொல்வேனா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்ணாடியை இறக்கிவிட்டுக்குங்க, காத்து பட்டா சரியாயிடும்" என்கிறாள்.

நவம்பர் 15, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். சாயங்காலம்.

எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரே ஒரு தெரு. மண் பூசிய வீடுகள், சின்னச் சின்ன ஜன்னல்கள். தெரு முடிகிற இடத்தில் பாறை நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு அப்பால் மணல், மணல், மணல். வெயில் இறங்க இறங்கப் பாறையின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. இவள் இறங்கி, காரின் கதவைக்கூடச் சாத்தாமல் நின்றாள்.

"ஒரு கலரா இருந்தாத்தானே துணி கிடைக்கும்! இது நிமிஷத்துக்கு ஒண்ணா மாறுது" என்றாள். பிறகு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். நானும்தான். யார் பார்த்தால் என்ன, எங்களை அங்கே யாருக்குத் தெரியும்?

நவம்பர் 16, திங்கள்

எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கார் சாவியும் இல்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன்.

பாறைக்கு அந்தப் பக்கம் போகும் ரோட்டில் ஒரு கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் கார், எங்கள் வாடகைக் கார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் மணல், நடுவில் இவள் மட்டும். இதுவரை நான் இவள் ஓட்டுவதைப் பக்கத்து சீட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். வெளியே நின்று பார்த்ததே இல்லை. தூரத்தில் ஓர் ஒட்டகம் மெதுவாக ரோட்டைக் கடந்தது. கார் வேகத்தைக் குறைத்தது, நின்றது, ஒட்டகம் போகும் வரை காத்திருந்தது. பிறகு கிளம்பியது. குலுக்கல் இல்லை. என்ன அழகாக இருந்தது! சத்தம் போட்டு எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. பாருங்கய்யா, அது என் பொண்டாட்டி.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தினாள். நான் கீழே இறங்கிப் போனேன். என்னிடம் படித்தவர்களிடம் "நல்லா ஓட்டுறீங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், பாதி பொய். இன்று ஜன்னல் பக்கம் குனிந்து, "நல்லா ஓட்டுறே" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஏறுங்க, வெயில் ஏறிடும்."