குழாய் நிறையாத இடம்

பிப்ரவரி 11

சந்தை நாள். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மீட்டரைச் சோதிக்கப் புங்கங்கொல்லைக்கு ஏறிச் சேர்ந்தபோது ஊர்த் தொட்டியில் அரைக்குக் கீழேதான் தண்ணீர். சாலையோர மீட்டரோ தொட்டி நிரம்பி வழிய வேண்டிய அளவைக் காட்டுகிறது.

தொட்டியைத் திறந்துவிடும் ராணியம்மாள் என்னைப் பார்த்து, “அளந்து முட்சீங்களா மேடம்? மீதி தண்ணிய யாரு வூட்ல வெச்சிருக்கோம்னு பாத்துட்டுப் போங்க” என்றாள்.

பிப்ரவரி 12

காரணம் அற்பமானது. மேட்டைத் தாண்டிக் குழாய் இறங்குமிடத்தில் மீட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். இறக்கத்தில் தண்ணீர் குழாயின் அடியில் மட்டும் ஓடும்; மேலே காற்று. மீட்டர் வேகத்தைத்தான் அறியும். குழாய் நிறைந்திருப்பதாக எண்ணிப் பெருக்கிக்கொள்ளும். ஓடைப் பள்ளத்தில் இறங்கிக் குழாய் மறுபடி ஏறுகிறதே, அங்கே வைத்திருக்க வேண்டும். ஏறும் குழாய் நிறைந்தே இருக்கும்.

சாலையோரம் ஏன்? ஜீப்பை விட்டு இறங்காமல் படிக்கலாம். வேறென்ன?

பிப்ரவரி 14

குணசீலன் சாரிடம் சொன்னேன். மீட்டர் எண்ணை மேலிடத்துக்கு அனுப்பி மோட்டார் ஓடும் நேரத்தை வாங்குவது அவர்தான். இப்போது மூன்று மணி நேரம். கூட்ட முடியாதாம். மீட்டர் போதும் என்கிறது, ஜனங்கள் போதாது என்கிறார்கள், நான் எதை அனுப்ப என்கிறார்.

மீட்டரை இடம் மாற்ற எழுதிக் கொடுத்தேன். நடக்காது.

மார்ச் 3

நடக்கவில்லை.

மார்ச் 19

நடந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. ஊர்க்காரன் மாதையனும் இன்னும் இருவரும் பள்ளத்தில் பாறையை உடைத்து இடம் செய்தார்கள். ராணியம்மாள் மேலே நின்று, “இனிமே நெசம் தெரிஞ்சிடும் இல்ல மேடம்?” என்றாள்.

தெரியும் என்றேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

மார்ச் 31

புதிய இடத்தில் பழைய அளவில் பாதிதான் காட்டுகிறது. எதிர்பார்த்ததுதான். இந்த ஊருக்கு வருவதே இவ்வளவுதான், மோட்டார் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று அறிக்கை அனுப்பினேன்.

ஏப்ரல் 9

நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி.

ஊரின் தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டதாம். பாதிச் செலவுக்குப் பாதி நேரம். குணசீலன் சாரிடம் காற்று, இறக்கம் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். புரியாதவராக இருந்திருந்தால்கூடத் தேவலை.

“எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா மேல போறது எண்ணு மட்டும்தான். படம் போவாது.”

ஏப்ரல் 11

தொட்டியில் கால்வாசி. பெண்கள் குடத்தோடு ஓடை ஊற்றுக்கு இறங்குகிறார்கள். சித்திரை பிறக்கும் முன்பே. ராணியம்மாள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருக்கலாம்.

“பழைய எடத்துலயே மாட்டிடுங்க மேடம்.”

அது தப்பான அளவு என்றேன்.

“தப்புல அரைத்தொட்டி வந்துச்சு இல்ல?”

 

ஏப்ரல் 15

‘பள்ளத்திலுள்ள மீட்டர் சரியான அளவைத் தரவில்லை. சாலையோரத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.’ கையெழுத்திட்டேன். பேனா எங்கும் நிற்கவில்லை. குணசீலன் சார் படித்தார். அன்றே அனுப்பிவிட்டார்.

மே 2

மாதையன் மீட்டரைத் தோளில் வைத்து மேலே கொண்டுவந்தான். பொருத்தி முடித்ததும் மோட்டார் போட்டார்கள். எண் விறுவிறுவென ஏறியது.

ராணியம்மாள் தொட்டிப் பக்கம் போகவேயில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்.