வேர் அழுகவில்லை

யூன் 17, செவ்வாய்
கச்சான் காற்று. உடுப்புக் காயப்போட்ட கொடி அறுந்து எல்லாம் மண். அம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க வேணும்.

கிண்ணியாவில இருந்து றகீம் காக்கா கம்பஸ் லாப்புக்கே வந்திட்டார். அப்பாவோட வயல் செய்தவர். நெல்லு மஞ்சளாப் போகுதாம். வேரோட பிடுங்கின நாத்து, ஷொப்பிங் பையில. பிளேட்டால வேரைச் சீவி நுணுக்குக்காட்டியில பார்த்தனான். தோலுக்குக் கீழ கலமெல்லாம் செத்து ஓட்டை ஓட்டையா. “வேர் அழுகுது காக்கா, தண்ணியை வடிய விடுங்கோ.” சுத்திவர ஜூனியர் பிள்ளையள். “நல்லா இருப்பீங்க தங்கச்சி” எண்டிட்டுப் போனார். எனக்குத் தலைகால் தெரியேல்லை.

யூன் 19, வியாழன்
குளிசை வாங்கியாச்சு. மத்தியானம் சூடைமீன் சொதி.

வேரின்ர படத்தை எங்களுக்குப் படிப்பிக்கிற மேடத்துக்குக் காட்டினனான், பெருமையா. “இதில எங்க அழுகல்?” எண்டு கேட்டா. தண்ணி நிண்டாலோ நைதரசன் குறைஞ்சாலோ வேரே தன்ர மேற்பட்டைக் கலங்கள் கொஞ்சத்தைச் சாக விடும். அந்த இடத்தால காத்து இறங்கி மிச்சக் கலம் பிழைக்கும். நெல்லுக்கு அது வழமை. இதைப் பரீட்சையில எழுதி நல்ல புள்ளியும் எடுத்தனான். அழுகின வேர் கறுக்கும், நாறும். நான் மணந்துகூடப் பார்க்கேல்லை. கொஞ்சம் யூரியா போதுமாம், வயலில தண்ணி நிண்டால். சீ, நானெல்லாம் ஒரு படிச்சவள்.

யூன் 20, வெள்ளி
போனை எடுக்கிறதும் வைக்கிறதும். காக்கா ஜும்மாவுக்குப் போயிருப்பார். பிறகு, சாப்பிடுவார். பிறகு, நித்திரையா இருப்பார். எல்லாம் சாட்டு. பயந்தாங்கொள்ளி.

அம்மா: “ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?”
தலையிடி எண்டனான்.

யூன் 21, சனி
காலமை எடுத்துச் சொல்லிட்டன். அழுகேல்லை, பசளைக் குறைதான், பிழையாச் சொன்னது நான், தண்ணியை மறிச்சு வையுங்கோ.

“வயல் வெடிச்சுக் கிடக்கு தங்கச்சி. குளத்துத் தண்ணி எங்கட முறைக்கு வர இன்னும் நாள் கிடக்கு.” ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன்.

“என்ட வயல் மட்டும் எண்டாப் பரவாயில்ல. கம்பஸ்ல பார்த்துச் சொன்னது எண்டு வாய்க்கால் கரையில எல்லாருக்கும் சொன்னன். அவங்களும் தொறந்து உட்டுட்டாங்க. இங்கதான் நிக்காங்க. போனக் குடுக்கட்டா?”

குடுங்கோ எண்டன். அதுக்கு மேல எழுத ஏலாது.