முகாமுக்குப் புதுச்சட்டை

கிளியனூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாமாவுக்கு,

புனிதா எழுதுகிறேன். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தேவாவும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே கிளம்பும் சகாயராஜ் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தேவாவுக்கு உதவித்தொகை சாங்ஷன் ஆகிவிட்டது. இனி அவனை வேனில் ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பலாம், நானும் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகலாம். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

ஊனச் சான்றிதழுக்காகப் போன திண்டிவனம் முகாமில் நடந்ததை உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் நம் பிள்ளை அழுக்காக நிற்கக் கூடாதென்று தலைக்கு ஊற்றி, பவுடர் போட்டு, நீங்கள் அனுப்பிய சிவப்புச் சட்டையை மாட்டிக் கூட்டிப் போனேன். டாக்டர் பேர் கேட்டார். சோறு ஊட்டும்போதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான்: "தேவா. அப்பா மணிமாறன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பையன் நல்லாத்தானேம்மா பேசறான்" என்று ஊனம் முப்பது சதவீதம்தான் என எழுதிவிட்டார். நாற்பது இருந்தால்தான் பணம். பத்து வயதிலும் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறான், கதவு திறந்திருந்தால் பாண்டி ரோட்டுக்கு ஓடுகிறான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்துத் தெரு காந்திமதி அக்காவுக்கும் இப்படி ஒரு பெண் இருக்கிறாளே, அவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டி, பொண்ணு பாக்கவா கூட்டிக்கினு போன? பவுடராம், புதுச்சட்டையாம்! வூட்ல எப்படி இருக்கறானோ அப்படியே இட்டுக்கினு போ. வாயத் தொறக்க வுடாத" என்றார்.

மறுபடி பார்க்கச் சொல்லி மனு போட்டு, விழுப்புரத்துக்கு நடையாய் நடந்து பேஜாராகிவிட்டது. ஒருநாள் போட்டோ சரியில்லை, இன்னொரு நாள் ஆதாரில் இனிஷியல் தப்பு. எரிச்சலில் கத்தியே விட்டேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் தேவா பேர் சொன்னால் உதட்டில் விரல் வைத்து உஷ் என்பேன். சும்மா இருந்தால் முறுக்கு கொடுப்பேன். எனக்கே கேவலமாக இருந்தது, மாமா.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். பேர் கேட்டபோது தேவா என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேர் ஒன்றைத் தவிர நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டு அறுபத்தைந்து எழுதினார்.

வீட்டுக்கு வந்து, இனிமேல் சொல்லுடா ராஜா என்றேன். முறுக்கை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான். கெஞ்சினேன், சாமி படத்துக்கு முன் நிறுத்தியும் கேட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் வீடியோ காலில் கேட்டபோது டவர் இல்லை என்று கட் பண்ணியது நான்தான். "வந்துரும்டி, அவசரப்படாத" என்கிறார் அக்கா.

ஓவர்டைம் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பொங்கலுக்கு எப்படியாவது லீவு கேளுங்கள். வந்ததும், பையை இறக்குவதற்கு முன், அவனிடம் பேர் கேளுங்கள். நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். என் முகம் தெரியாவிட்டால் சொல்லுவான்.

உங்கள்
புனிதா