மேலாளர் ஏறி வந்த விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிகாட்டும் எங்கள் ரேடியோ நிலையத்தைக் "காயலாங்கடை சாமான்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாரே மேலாளர், அதை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட நேற்று கிளம்பி வந்தார். நடுவானில் செயற்கைக்கோள் சிக்னல் போய்விட்டது. பயப்படாதீர்கள், எங்கள் சிக்னலைப் பிடித்து விமானம் பத்திரமாக இறங்கியது.

வேர்த்த முகத்தோடு வந்தவரிடம் உத்தரவையும் பேனாவையும் நீட்டினேன்.

"போடுங்க சார், இப்பவே அணைச்சிடறேன். மேல இன்னும் மூணு விமானம் சுத்துது."

"வேணாம்ப்பா."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார். சுவரில் ஒட்டிவிட்டேன். பக்கத்தில் ஒட்ட உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள்; இங்கே பேச ஆளில்லை.

டியூட்டி வண்டி வந்துவிட்டது. இன்று அவர் திரும்பிப் போகிறார். செயற்கைக்கோள் சிக்னல் இன்னும் வரவில்லை. நான்தான் வழிகாட்ட வேண்டும்.

உங்கள் மகன்